ஏழாம் நம்பர் தறி

பாட்டு வெளிவந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளும் ப்ரியதர்ஷினி பயந்துகொண்டேதான் இருந்தாள். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தப் பயத்துக்கு முகம் கிடையாது. அதற்கு ஒரு முகத்தை வரைந்து கொடுத்தவர் பெத்துராஜ்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை. அதை ஒட்டி டீக்கடை. கரிவலம்வந்தநல்லூர் போகிற மினி பஸ் அங்கே இரண்டு நிமிடம் நின்று ஆள் ஏற்றும். அன்றைக்கு டிரைவர் பாட்டை அலற விட்டிருந்தான்.

எட்டு மணி ஆச்சு, இன்னும் போகல
ஒம்பது மணி ஆச்சு, இன்னும் போகல
பத்து மணி ஆச்சு, பல்லக் கடிச்சாச்சு
பதினொண்ணு ஆச்சு, இன்னும் போகல

பெத்துராஜ் தறி ஃபிட்டர். ஊரில் ஓடுகிற விசைத்தறிகளில் பாதிக்கு அவர் கைதான் வைத்தியம் பார்க்கிறது. டீ கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"வே, இது மேளம் கிடையாது. தறி."

"தறின்னு சின்னப்புள்ளைக்கும் தெரியுமே அண்ணாச்சி," டீ ஆற்றுகிறவர் சிரித்தார். "நம்ம ஊருச் சத்தம்னுதான பயலுவ இந்த ஆட்டம் ஆடுதானுவ."

"தறின்னு எவன்யா சொல்லுதான்? எந்தத் தறின்னு சொல்லுதேன். சங்கரசுப்பு அண்ணாச்சி செட்டுல ஏழாம் நம்பரு. நல்லாக் கேளும். இடப்பக்கம் டக்குன்னு ஒத்த அடி. வலப்பக்கம் ட-டக்குன்னு நொண்டுது பாத்தீரா? நூலோட அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுற நாடாவ அடிக்குற கட்டைக்குப் பின்னால தோல் தேஞ்சு போச்சு. மாத்துங்கன்னு மூணு மாசமா அவர்ட்டக் கத்துதேன். ஊர்ல இப்படி நொண்டுற தறி வேற கிடையாது. எம்புள்ள அழுகைய மறந்தாலும் மறப்பேன், இத மறக்க மாட்டேன்."

"அப்ப அவரு செட்டுலதான் பொம்பளையளுக்கு ஒதுங்க இடம் இல்லையாக்கும்?"

"எந்தச் செட்டுலவே இருக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மினி பஸ் கிளம்பிப் போய்விட்டது. கடைக்குள் ப்ரியதர்ஷினி ஒரு பெரியவரின் ஆதார் அட்டையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் பித்தானை அழுத்தியபடியே நின்றாள். ஒரு பிரதி கேட்டிருந்தவருக்கு ஒன்பது பிரதி வந்து விழுந்தது.

அந்தப் பாட்டை எழுதினவளும் பாடினவளும் அவள்தான். ஏழாம் நம்பர் தறியைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுவது அவள் அம்மா கோமதியம்மாள்.

சங்கரசுப்புவின் தறிக்கூடத்தில், ஊர் வழக்கில் செட்டில், பன்னிரண்டு தறி. ஆறு பெண்கள், ஆளுக்கு இரண்டு தறி. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்கு வெளியே வரலாம். முன்பெல்லாம் செட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் சீமைக்கருவேல் அடர்ந்து கிடந்தது. ஆத்திர அவசரத்துக்குப் பெண்கள் இரண்டு பேராகப் போய்விட்டு வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தை வெட்டித் துப்புரவாக்கி, மஞ்சள் கல் நட்டு, மனை போட்டுவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு காக்கா உட்கார்ந்தாலும் ரோட்டிலிருந்து தெரியும். முதலாளியின் ஆபீஸ் ரூமுக்குள் ஒரு கக்கூஸ் உண்டு. அதன் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும்.

பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை.

போன சித்திரையில் கோமதியம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கோமதியம்மாள் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். ப்ரியதர்ஷினி ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி, தினமும் காலையில் நிரப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் அது நிரம்பியபடியே வீட்டுக்கு வரும். அம்மா அதை வாசலில் நிற்கும் செம்பருத்திக்கு ஊற்றுவாள். செம்பருத்தி தளதளவென்று வளர்ந்தது.

அந்தச் செடியைப் பார்க்கப் பார்க்கத்தான் பாட்டு வந்தது. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள்.

காருக்கு ஒரு ஷெட்டு இருக்கு, ஆட்டுக்கு ஒரு பட்டி இருக்கு
சாமிக்குக் கோபுரம் இருக்கு, எனக்கு எங்கன? எனக்கு எங்கன?

காலேஜில் அவளோடு பிசிக்ஸ் படித்த முகம்மது அர்ஷத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். மூன்று வருடம் லேபில் இரண்டு பேரும் ஒரே மேஜை. அந்த மூன்று வருடத்தில் அவள் அவனிடம் பேசியதை எண்ணி ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அர்ஷத் இப்போது அவன் வாப்பாவின் மொபைல் கடையில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் லேப்டாப்பில் இசை கட்டிக்கொண்டிருந்தான். ஊர் பின்கோடு எண்ணையே பெயராக வைத்து ஒரு சேனல் நடத்தினான். தாளைப் படித்துவிட்டு, "யாரு பாட?" என்றான். அவள் தரையைப் பார்த்தாள். "நீயா?" என்றான். அவள் தரையையே பார்த்தாள்.

எல்லா ஜாக்கிரதையும் செய்தார்கள். அவள் குரலின் சுருதியை இறக்கி ஆண் குரல் போல ஆக்கினார்கள். பெயர் போடவில்லை. படம் போடவில்லை. தாளத்துக்கு, அம்மாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனபோது போனில் பிடித்து வந்த தறிச் சத்தத்தை வைத்தார்கள். மற்றத் தறிகளெல்லாம் ஒரே மாதிரி மொட்டையாக அடித்தன. ஏழாம் நம்பரில்தான் ஒரு நொண்டல், ஒரு ஆட்டம். அதுதான் வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். ஆளுக்கு ஆள் குரல் வேறு என்பதை யோசித்த இரண்டு பேருக்கும் தறிக்குத் தறி குரல் வேறு என்பது தோன்றவில்லை.

கடையைப் பூட்டியதும் நேரே அர்ஷத்திடம் போய், பெத்துராஜ் பேசியதைச் சொன்னாள்.

"அழிச்சிரு."

"எத அழிக்க? என் சேனல்ல இருக்கத அழிக்கலாம். ராயகிரில ஒருத்தன் கல்யாண வீட்டு வீடியோவுக்கு இதத்தான் போட்டிருக்கான். மாப்பிள்ள வீட்டார் இன்னும் போகலயாம். பனவடலிசத்திரத்துல ஒரு அண்ணன் ஆட்டப் பட்டிக்குள்ள பத்திக்கிட்டே 'இன்னும் போகல'ன்னு ஆடுதாரு. நாலு லட்சம் பேரு பாத்திருக்கான். அத எப்படி அழிக்க?"

"சிரிக்காத."

"சிரிக்கல ப்ரியா. பயத்துல வாய் தானா இளிக்கு. வாப்பாவுக்குத் தெரிஞ்சா லேப்டாப்ப நடுரோட்டுல போட்டு மிதிப்பாக."

"எங்கம்மாவ வெளிய அனுப்பிருவாங்க அர்ஷத். இந்த வயசுல வேற எந்த செட்டுல சேப்பாங்க?"

அவன் சிரிப்பு போய்விட்டது. லேப்டாப்பைத் திறந்து, விரலை அழிக்கும் பித்தான் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இன்னைக்குப் பெத்துராஜ் மாமா டீக்கடைல சொல்லியிருக்காரு. இன்னைக்கே பாட்ட எடுத்துட்டா, அவரு சொன்னது சரிதான்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்லா?"

ஆகும்தான். லேப்டாப்பை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோமதியம்மாள் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது முதலாளி போனில் வந்தார். தறிச் சத்தத்திலேயே கிடந்து அவளுக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் சங்கரசுப்பு பேசியது ப்ரியதர்ஷினிக்கு அடுக்களைக்குள் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கோமதி, கோயிலுக்குப் போயி சாமி கும்பிட்டுட்டு வெளிய வாரேன். பஜார்ல ஒருத்தன் கை வாட்ச்சப் பாத்துக்கிட்டே 'அண்ணாச்சி, மணி எட்டாச்சு'ங்கான். சுத்தி நிக்கவன் பூராம் சிரிக்கான். எனக்கு மானம் போவுது. பெத்துராஜு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாம ஏழாம் நம்பருன்னு பத்த வச்சுட்டான். அவன் ஒருத்தன் காத நம்பி நான் விடப்போறதில்ல."

"சரி அண்ணாச்சி."

"என்ன சரி? நாளைக்குக் காலைல எல்லாத் தறியையும் நிறுத்திட்டு ஒண்ணொண்ணா ஓட்டிக் கேக்கப் போறேன். நம்ம செட்டு இல்லன்னு ஆச்சுன்னா, இல்லன்னு நானே ஊரக் கூட்டிச் சொல்லிருவேன். நம்ம செட்டுதான்னா, எவ உள்ள போனக் கொண்டாந்து பிடிச்சான்னு பாக்கணும். எந்தத் தறி சத்தமோ அந்தத் தறிக்காரி மறுநாள் உள்ள வரப்பிடாது. அவளுக்குத் தெரியாம எவ பிடிக்க முடியும்?"

"சரி அண்ணாச்சி."

"உன் மவ பிசிக்ஸ்தான படிச்சிருக்கு? சத்தத்தப் படமாக் காட்டுற மெசினெல்லாம் போனுக்குள்ளயே இருக்காம்லா. நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வா. காது ஆளுக்கு ஆளு மாறும். மெசின் பொய் சொல்லாது."

போனை வைத்துவிட்டு அம்மா மீனைத் திரும்ப எடுத்தாள். செதிலைச் சுரண்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"கேட்டியாட்டி? நாளைக்கு நீயும் வரணுமாம்."

"எம்மா, நீ அந்தப் பாட்டக் கேட்டியா?"

"எனக்கு எங்கன கேக்கு? குழம்பு கொதிக்குற சத்தமே கேக்க மாட்டேங்கு. மஞ்சப்பொடி எடு."

ப்ரியதர்ஷினி மஞ்சள்பொடிக்குப் பதிலாக மல்லிப்பொடி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தானே எழுந்துபோய் மாற்றி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் பெத்துராஜ் வீட்டு வாசலில் அவள் வெகுநேரம் நின்றாள். கூப்பிட வாய் வரவில்லை. வீட்டுக்குள் டிவி ஓடியது. கடைசியில் வெற்றிலை துப்ப வெளியே வந்த பெத்துராஜே அவளைப் பார்த்தார்.

"யாரு, கோமதியக்கா மவளா? ஏன் தாயி இங்கன நிக்கே?"

"மாமா, ஏழாம் நம்பர இன்னைக்கே சரி பண்ணிர முடியுமா?"

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"ஏழாம் நம்பரு உங்கம்மா ஓட்டுறதுல்லா. அடக் கடவுளே. டீக்கடைல பெரிய மேதாவி மாதிரிப் பேசி உங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டனா?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் தறியத்தான் சொன்னேன் தாயி. ஆள நெனச்சே பாக்கல. பாடுனவன் எந்தப் பயலோ, மாட்டுறது உங்கம்மாவா?"

அவள் காலால் மண்ணைக் கீறினாள். பெத்துராஜ் அந்தக் காலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தறியில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆவதில்லை.

"சரி. நான் ஒண்ணுங் கேக்கல," என்றார். "புதுத் தோலு ராஜபாளையத்துல வாங்கணும். இன்னைக்குக் கடை பூட்டு. செட்டுச் சாவி அண்ணாச்சிட்ட இருக்கு. காலைல ஏழு மணிக்கெல்லாம் போயி, பழைய தோலையே திருப்பிப் போட்டுப் பாக்கேன். நொண்டல் கொஞ்சம் அடங்கும். மெசின ஏமாத்த அது போதுமா?"

"போதும் மாமா."

போதுமா என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நொண்டல் அடங்கிய சத்தத்தின் அலை எப்படி இருக்கும் என்று மனதுக்குள் வரைந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அது பழைய அலை மாதிரியே வந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவளும் அம்மாவும் செட்டுக்குள் நுழைந்தபோது பெத்துராஜ் ஏழாம் நம்பர் பக்கத்தில் ஸ்பானரோடு நின்றார். அவளைப் பார்த்ததும் கண்ணால் மட்டும் ஒரு பக்கம் காட்டினார். அவர் பார்த்த திசையில் சங்கரசுப்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறரை மணிக்கே வந்துவிட்டாராம். "எவனும் ஒரு ஆணியத் தொடப்பிடாது" என்று பெத்துராஜை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டாராம்.

அந்த செட்டை ப்ரியதர்ஷினி அமைதியாகப் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு தறியும் செத்த மாதிரி நின்றன. கூரையில் பஞ்சு தொங்கியது. எங்கேயோ எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது. பெண்கள் நூல் மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தாள் சண்முகசுந்தரி. ஒன்றாம் இரண்டாம் நம்பர் அவளுடையது.

"என்னட்டி, பொண்ணு பாக்கவா வாராக?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேலை போனாலும் போட்டோல நல்லாருக்கணும்லா," என்றாள் சண்முகசுந்தரி.

ஆயுதபூஜைக்குச் சாமி பாட்டுப் போட வாங்கின பெரிய ஸ்பீக்கரை முதலாளி எடுத்து வைத்திருந்தார். "முதல்ல பாட்டு. பெறகு தறி. அடுத்த தறிக்குப் போகுமுன்ன திரும்பப் பாட்டு. இல்லன்னா காது மறந்திரும்," என்று முறை சொன்னார். ப்ரியதர்ஷினி போனில் அலை வரையும் செயலியைத் திறந்தாள். விரல் வேர்த்து, திரை இரண்டு தடவை ஏற்கவில்லை.

முதல் தடவை பாட்டு ஒலித்தபோது பெண்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸில், தெருவில் காதில் விழுந்திருந்தாலும், மந்தமான காதுகளுக்கு அதில் தாளம் மட்டும்தான் எட்டியிருந்தது. இங்கே சத்தமே இல்லாத செட்டில், பெரிய ஸ்பீக்கரில், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. எட்டு மணி. ஒன்பது மணி. பல்லைக் கடிச்சாச்சு.

ஒன்றாம் நம்பர் ஓடியது. மொட்டை அடி. "இல்ல," என்றார் முதலாளி. திரையிலும் இல்லை. திரும்பப் பாட்டு. இரண்டாம் நம்பர். இல்லை. திரும்பப் பாட்டு.

மூன்றாவது தடவை ஒருத்தியின் உதடு அசைந்தது. நான்காவது தடவை சண்முகசுந்தரி கேட்டாள்: "பதினொண்ணுக்குப் பெறகு என்ன சொல்லுதான் அண்ணாச்சி? அதுக்குள்ள நிறுத்திருதிய."

"சும்மா இரி."

ஐந்தாவது தடவை அவர் நிறுத்த மறந்துவிட்டார். பாட்டு மேலே போனது. காருக்கு ஒரு ஷெட்டு இருக்கு, ஆட்டுக்கு ஒரு பட்டி இருக்கு. "எனக்கு எங்கன?" என்று வந்தபோது மூட்டை மேலிருந்து இரண்டு குரல் சேர்ந்து "எங்கன?" என்றது.

"ஏட்டி, மேளத்த மட்டும் கேளுங்க!"

"மேளத்த மட்டும் எப்படி அண்ணாச்சி கேக்க? வார்த்தையும் சேந்துல்லா வருது."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு சண்முகசுந்தரியே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "ஆமா, இத ஒரு ஆம்பளப் பய பாடியிருக்கானே. அவன் எந்த மரத்தப் பாத்தாலும் நின்னுக்கிடுவான். இந்த அவஸ்த அவனுக்கு எப்படித் தெரியும்?"

 அப்போதுதான் ப்ரியதர்ஷினிக்கு உறைத்தது. குரலை மாற்றினோமே, அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதை எப்படி மாற்றுவது? அவள் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஆறாம் நம்பர். இல்லை. ஆறு தடவை பாட்டைக் கேட்டதில் சங்கரசுப்புவின் முகமே தளர்ந்துவிட்டது. கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். ஏழாவது தடவை பாட்டு ஓடியபோது ஐந்து பெண்களும் முணுமுணுத்தார்கள். அவர் தடுக்கவில்லை. கோமதியம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து நின்று, தறியில் கோளாறு என்றால் சட்டத்தில் கையை வைத்துப் பார்ப்பது போல, அதன் தலையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

"ஏழு," என்றார் முதலாளி.

கோமதியம்மாள் போய் விசையைத் தள்ளினாள். டக். ட-டக். டக். ட-டக்.

மெசினே வேண்டியிருக்கவில்லை. பெத்துராஜ் தரையைப் பார்த்தார். ப்ரியதர்ஷினியின் திரையில் இரண்டு அலைகள் மேலும் கீழுமாக ஓடின. மேடு இருந்த இடத்தில் மேடு, பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம்.

சங்கரசுப்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கேக்கதுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா இது இல்லதான? மெசின் என்ன சொல்லுது? இல்லன்னுதான சொல்லுது?"

அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் போதும். அவர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவார். அம்மா நாளைக்கும் எட்டு மணிக்கு வந்து விசையைத் தள்ளலாம். பெத்துராஜ் பொய்யன் ஆவார், அவர் பொறுத்துக்கொள்வார். பாட்டு எந்த செட்டுக்கும் சொந்தமில்லாத பாட்டாகி, ஆட்டுப்பட்டியிலும் கல்யாண வீட்டிலும் ஓடி ஓய்ந்துபோகும். அம்மா பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து நிரம்பியபடியே கொண்டுபோவாள். செம்பருத்தி வளரும்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். கண் தற்செயலாகத் தறிக்கு மேலே இருந்த பலகையில் போய் நின்றது. பாட்டில் அங்கே இருந்தது. காலையில் அவள் நிரப்பிக் கொடுத்தது. அதன் தலையில் அதற்குள் பஞ்சுத் தூசி படிந்திருந்தது.

"இதுதான்," என்றாள்.

"என்ன?"

"இந்தத் தறிதான். நான்தான் பிடிச்சேன். சோறு கொண்டு வந்தப்ப. அம்மாவுக்குத் தெரியாது." வேகமாகப் பேசினாள். நின்றுவிட்டால் திரும்ப வராது என்று தெரிந்தது. "பாடுனதும் நான்தான். குரல மாத்தியிருக்கோம்."

மூட்டைப் பக்கம் யாரோ "அடி ஆத்தீ" என்றார்கள். சங்கரசுப்பு வாயைத் திறந்தபடியே கோமதியம்மாள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியாதா?"

கோமதியம்மாள் தறியை நிறுத்தினாள்.

"அவ சொல்லல. ஆனா தெரியும் அண்ணாச்சி. பாட்டு வந்த அன்னைக்கே இவ போன்ல அது ஓடி, மேசைல அதிர்ந்துக்கிட்டுக் கிடந்துது. கைய வச்சேன். பத்தொம்பது வருசம் ஓட்டுதேன். எந்தத் தறின்னு தெரியாதா?"

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"பொய்யாப் பாடியிருந்தா சத்தம் போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் பலகையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். முந்தானையால் அதன் தலையைத் துடைத்தாள். மூடியைத் திறந்து, அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது. பாதி பாட்டில் காலியானது.

"எக்கா, எனக்கு வைக்கா," சண்முகசுந்தரி எழுந்து வந்தாள்.

பாட்டில் கை மாறியது. அது தீர்ந்ததும் முதலாளிக்கென்று வைத்திருந்த தண்ணீர்க் கேனை ஒருத்தி சாய்த்தாள். ஆறு பேரும் குடித்தார்கள்.

"என்ன பண்ணுதிய எல்லாரும்?" சங்கரசுப்பு எழுந்து நின்றார்.

"தாகம் அண்ணாச்சி," என்றாள் சண்முகசுந்தரி. "பாட்ட ஏழு தடவ கேட்டா தொண்ட வறளாதா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே கால். எல்லாருமே கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"ஓட்டட்டுமா அண்ணாச்சி?" என்றாள் கோமதியம்மாள்.

அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "வேலையப் பாருங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. பன்னிரண்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. செட் பழைய இரைச்சலில் மூழ்கியது.

ப்ரியதர்ஷினி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைப் போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. பெத்துராஜ் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் ஸ்பானரைத் துடைத்தார். பத்து மணி ஆனது. பாட்டு சொன்ன மாதிரியே ஆனது. பத்தரைக்கு அம்மா ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். அறுந்த நூலை முடிந்தாள். திரும்பக் காலை மாற்றினாள். 

பத்தே முக்காலுக்குக் கோமதியம்மாள் ஏழையும் எட்டையும் நிறுத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்றாள். உள்ளே சங்கரசுப்பு நிமிர்ந்தார். ஏதோ சொன்னார். அம்மா ஏதோ சொன்னாள். அவர் கையை வீசி வெளியே காட்டினார். அம்மா நகரவில்லை. பத்துத் தறிகளின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஒன்றும் இரண்டும் நின்றன. சண்முகசுந்தரி நல்ல சேலையின் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகமாகப் போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். அவளைப் பார்த்தால் வீரத்துக்குப் போனவள் மாதிரி இல்லை. நிஜமாகவே முடியாமல் போனவள் மாதிரிதான் இருந்தது. பிறகு ஐந்தும் ஆறும். பிறகு பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு ஜோடியாக நிற்க நிற்க, செட்டின் இரைச்சல் மெலிந்துகொண்டே வந்தது. மூன்றும் நான்கும் நின்றபோது முதலாளியின் குரல் துண்டு துண்டாகக் கேட்டது. "...எல்லாரையும் நாளைக்கே..." என்றார். "...அந்தச் சின்னப்புள்ள..." என்றார்.

ஒன்பதும் பத்தும் கடைசியாக நின்றன.

அப்போதுதான் அம்மாவின் குரல் முழுசாகக் காதில் விழுந்தது. தறிக்குள் பேசிப் பழகின, கத்துகிற குரல் இல்லை. வீட்டில் மஞ்சள்பொடி கேட்கிற குரல்.

"சாவி, அண்ணாச்சி."

சங்கரசுப்பு வரிசையைப் பார்த்தார். வரிசைக்குப் பின்னால் நின்ற ப்ரியதர்ஷினியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.